மொக்கையனுக்கு உகந்த தொழில்

ஹரிஷ்குமாருக்கு ஆடிட்டர் ஆபீஸில் நல்ல வேலை. ராஜா காலத்து மகால் பக்கத்துச் சந்தில் சொந்த வீடு. வெற்றிலை பாக்குப் பழக்கம்கூடக் கிடையாது. இத்தனை இருந்தும் பெண் அமையவில்லை என்றால் அதற்குக் காரணம் பகடைதான் என்று சந்து முழுக்க ஒரு பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வண்டியை எடுப்பான். பைக்குள் கலகலவென்று சத்தம் கேட்கும். எதிர்வீட்டு ஹம்சவேணி ஒருநாள் எட்டிப் பார்த்தே விட்டாள். ஆறு பக்கம் போதாதென்று இருபது பக்கம் வைத்த பகடையெல்லாம் வைத்திருக்கிறான் என்று அன்று சாயங்காலத்துக்குள் நாலு வீட்டுக்குச் செய்தி போனது.

பாவம், அது சூதாட்டம் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொண்டு, ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் போய்ச் சண்டை போட்டு, புதையல் எடுத்து, அடிவாங்கி வருகிற விளையாட்டு. அடித்தது பட்டதா, தவறியதா என்று சொல்வது மட்டும்தான் பகடையின் வேலை. வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஆடுகிறார்கள். நம் ஹரிஷ் அதைத் தமிழில், தானே யோசித்து, 'பாழ்க்கோட்டை' என்று ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தான். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. கல்யாணப் பேச்சு அதற்குப் பின்னால் ஆரம்பித்து, ஆட்டத்தை எழுதி முடிப்பதற்கு முன்னால் நின்றும் போனது.

அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு விளையாட்டுக் கண்காட்சி. அதில் ஒரு மேசை கிடைத்திருந்தது. அங்கே ஹரிஷ் விற்பனையைப் பார்த்துக்கொள்வான், வருகிறவர்களுக்குக் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவது அருண்பாண்டி என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஹரிஷ் கதை சொன்னால் பேய் வருகிற இடத்தில்கூட யாருக்கும் பயம் வராது. "பேய் வருகிறது. அதன் பலம் பதினாறு," என்பான். அருண்பாண்டி அதே பேயைச் சொன்னால் கேட்கிறவன் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வான். ஏழாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. ஒருத்தன் கணக்கு, ஒருத்தன் வாய். அருண்பாண்டி இல்லாவிட்டால் பாழ்க்கோட்டை வெறும் விதிப்புத்தகம். இது ஹரிஷுக்கும் தெரியும், வெளியே சொல்லமாட்டான், அவ்வளவுதான்.

அச்சுக்குப் போக ஒரே ஒரு பக்கம் பாக்கி. அதுதான் வினையானது.

பாழ்க்கோட்டையில் நாலு குலம் உண்டு. மணலார், வனத்தார், பூதர், கோட்டையார். தொழில்கள் ஏழெட்டு: வீரர், ஒற்றர், வைத்தியர், மந்திரவாதி, வணிகர் இப்படி. ஆடுகிறவர் முதலில் ஒரு குலத்தை எடுத்துக்கொள்ளவேண்டும், பிறகு ஒரு தொழிலை. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு உகந்த தொழில் உண்டு. அந்தத் தொழிலையே எடுத்தவருக்கு, லெவல் ஏறும்போதெல்லாம் ஒரு சலுகை கூடுதலாகக் கிடைக்கும். வேறு தொழில் எடுத்தால் கிடைக்காது. வெளிநாட்டு ஆட்டங்களில் இது சர்வசாதாரணம். ஆடிட்டர் ஆபீஸ் ஆளுக்கு இது அல்வா மாதிரி வேலை. நேர்க்கோடு, குறுக்குக்கோடு, கட்டம். ஒரே உட்காரலில் முடித்து, தானே ரசித்து, நாலு பிரிண்ட் எடுத்துக்கொண்டு காளவாசலுக்குப் போனான்.

காளவாசலில் சூரியபிரகாஷின் பிளக்ஸ் கடைக்கு மேல்மாடி. அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், விதிப்புத்தகத்தோடு அதை நடத்துவது ஹரிஷ். கீழே எந்நேரமும் ஹாரன், மேலே பிளக்ஸ் மை வாடை, நடுவில் இவர்கள். சூரியபிரகாஷ் இவர்களில் மூத்தவர், கோட்டையார் குலத்து ஒற்றனாக ஆடுகிறவர். முத்துமீனா சோழவந்தான்காரி, கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறாள். ஆட்டத்தில் வனத்தார் குலத்து வில்லாளி. அருண்பாண்டிக்குச் சமயநல்லூர், பிசியோதெரபி படித்துவிட்டு ஊரிலேயே ஒரு கிளினிக் வைத்திருக்கிறான். அவன் ஆடுவது பூதர் குலத்து வைத்தியன். பெயர் மொக்கையன். எட்டடி உயரம், தேங்காய் மாதிரி முழங்கை, அந்தக் கையால் மூலிகை அரைத்துக் கட்டுப்போடுவான், போடும்போதே அடிபட்டவனை நக்கலடிப்பான். அட்டைப்படத்தில் இருப்பதும் மொக்கையன்தான்.

தாளைக் கையில் வாங்கியதும் முதலில் வாயைத் திறந்தது முத்துமீனா.

"என்னண்ணே இது. வனத்தாருக்கு உகந்த தொழில் மூலிகை பறிக்கிறவர். சலுகை, ஒரு தடவை பறிச்சா ஒரு கவுளி இலை கூட."

"நல்ல சலுகைதான மீனா."

"எங்க அப்பா கொடிக்கால் வெச்சிருக்காரு. விடியமுன்ன வெத்தலை கிள்ளிட்டு நான் பள்ளிக்கூடம் போனவ. அதுலருந்து தப்பிக்கத்தான் இம்புட்டுப் படிச்சேன். இங்க வந்தும் என்னைய இலை கிள்ளச் சொல்றீங்களே."

"உன்னைய யாரு சொன்னா. வனத்தாரச் சொன்னேன்."

"வனத்தாரு யாரு ஆடுறா?"

ஹரிஷ் அதற்குப் பதில் சொல்வதற்குள் சூரியபிரகாஷ் குறுக்கே வந்தார். "தம்பி, கோட்டையாருக்கு 'விருப்பப்பட்ட தொழில்'னு போட்ருக்க. சலுகை மட்டும் பாதி. ஏன், நாங்க என்ன பாவம் செஞ்சோம்?"

"உங்களுக்குத்தான்ணே எதை வேணாலும் எடுக்குற உரிமை இருக்கே. அதுக்குப் பதிலாப் பாதி."

"உரிமைய வெச்சு நாக்கு வழிக்கவா. முழுசாக் குடு."

ஹரிஷுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் எவனாவது கத்துகிறான். யாருக்குக் கொடுத்தாலும் அடுத்தவனுக்கு வயிறு எரிகிறது. ஒரு தாள், நாலு வரி. இதற்குள் இவ்வளவு சண்டையா. இந்த அமளியில் அருண்பாண்டி வாயே திறக்கவில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. வாய்க்காரன் சும்மா இருந்தால் அதைத்தான் முதலில் கவனித்திருக்க வேண்டும்.

"மாப்ள," என்றான் அருண்பாண்டி கடைசியில். "மொக்கையன் இப்ப லெவல் ஏறுனா என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது மாப்ள. அவன் வைத்தியன்ல. பூதருக்கு உகந்த தொழில் சுமையாள்."

"சுமையாளுக்கு என்ன குடுக்குற?"

"லெவலுக்கு லெவல் ஒரு மூட்டை கூடத் தூக்கலாம்."

அருண்பாண்டி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "சரி மாப்ள. வீட்டுக்கு ஆளு வருது, நான் வாரேன்," என்று எழுந்தான். ஆட்டம் அன்று ஆரம்பிக்கவே இல்லை. ஹரிஷ் அதற்கும் முத்துமீனாவைத்தான் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை போனில் ஒரு செய்தி. 'கோயம்புத்தூருக்கு நான் வரல மாப்ள. நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க.' அடுத்து ஒரு கும்பிடு போடும் படம். ஏழாம் வகுப்பிலிருந்து பழகியவனுக்குக் கும்பிடு. ஹரிஷ் கூப்பிட்டான், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். கட் ஆனது.

அன்று முழுக்க ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. மேசையைக் கேன்சல் செய்வதா, தானே பேயைச் சொல்லி வருகிறவர்களைத் தூங்க வைப்பதா என்று புரியவில்லை. அதைவிட, எதற்குக் கோபம் என்றே புரியாததுதான் அவனைப் பிறாண்டியது. வீட்டுக்கு வந்து தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அம்மா ராதாமணி சப்பாத்தியை வைக்க வந்தவள் தாளைப் பார்த்துவிட்டு நகரவில்லை. மகன் வாழ்க்கையைக் கெடுத்த காகிதம் எது என்று பார்க்கும் ஆசை அவளுக்கு ரொம்ப நாளாக இருந்தது.

படித்து முடித்து, வீட்டுக்குள் மட்டும் பேசும் அவர்கள் மொழியில் கேட்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்க. இந்த மணலாரு நாமதான?"

"நாமளா? அம்மா, அது கற்பனை. பாலைவனத்துல இருக்குற ஒரு இனம்."

"ரொம்பக் காலத்துக்கு முன்னாடி வடக்கேருந்து வந்தவங்க, ராஜா அரண்மனையச் சுத்தியே குடியிருக்காங்க, வீட்டுக்குள்ள வேற பாஷை பேசுவாங்கன்னு போட்டிருக்க. தொழில் வணிகம். சலுகை, பேரம் பேசுனா விலை குறையும், லெவலுக்கு ஒரு மந்திரமும் கூட." அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "இருக்கறதுலயே நமக்குத்தான் நல்லதாக் குடுத்திருக்க. உங்க அப்பா பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

சப்பாத்தியை வைத்துவிட்டு அவள் சீரியல் பார்க்கப் போய்விட்டாள். ஹரிஷ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். மணலார் வரியைப் படித்தான். வனத்தார் வரிக்கு வந்தான், கவுளி. வெற்றிலைக் கட்டுக்குக் கவுளி என்ற சொல்லை அவன் வாழ்க்கையில் முத்துமீனா வாயில்தான் முதன்முதலில் கேட்டிருக்கிறான். பூதர் வரிக்கு வரும்போது காது சுட்டது.

பூதம் என்றால் பெரிய உருவம், பெரிய உருவம் என்றால் மூட்டை தூக்கும். அவ்வளவுதான் யோசித்தான், சத்தியமாக. ஆனால் அருண்பாண்டியின் அப்பா ரைஸ்மில்லில் லோடுமேனாக இருந்தவர். தாத்தா அடுத்தவர் வயலில் அறுத்து, அடுத்தவர் நெல்லை அடுத்தவர் வீட்டுக்குச் சுமந்தவர். இரண்டும் ஹரிஷுக்குத் தெரியும். அந்த வீட்டில் எத்தனையோ பொங்கலுக்குக் கறிச்சோறு சாப்பிட்டிருக்கிறான். மூன்று பேரை எதிரில் உட்கார வைத்து ஆட்டத்தை உருவாக்கியவன், சலுகை எழுதும்போது தன்னையறியாமல் எதிரில் இருந்தவர்களைப் பார்த்தே எழுதியிருக்கிறான். தனக்கு மட்டும் மந்திரம்.

தவறு தெரிந்ததும் நேராகப் போய்ப் பேசியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். ஆனால் கணக்குப் பார்க்கிறவனுக்குத் தவறு என்றால் திருத்தி மறுதாக்கல் செய்வதுதான் தெரியும். பூதர் வரியில் சுமையாளுக்குப் பக்கத்தில் 'வைத்தியர்' என்று சேர்த்து அருண்பாண்டிக்கு அனுப்பினான். பதில் உடனே வந்தது. 'எங்களையும் சலுகைல சேத்துட்டியா. ரொம்ப சந்தோஷம்.'

அந்தச் சந்தோஷத்தைப் படித்து ஹரிஷ் தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு கோபத்தில் பக்கம் முழுவதையும் அழித்து, உகந்த தொழிலும் இல்லை, சலுகையும் இல்லை, எவனும் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் குழுவில் போட்டான். அதற்கு முத்துமீனா, "அப்ப லெவல் ஏறி என்னண்ணே பிரயோஜனம்?" என்றாள். அவளுக்குச் சலுகை வேண்டும், இலைதான் வேண்டாம். சூரியபிரகாஷ், "பாதியாச்சும் இருந்துச்சு, அதையும் புடுங்கிட்டியே தம்பி," என்று குரல் பதிவே அனுப்பினார். அருண்பாண்டி படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக்குறி மட்டும் வந்தது.

சனிக்கிழமைக்குள் ஹரிஷுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. இரவும் பகலும் கம்ப்யூட்டரில் குனிந்து கட்டம் கட்டமாக அழித்து எழுதினால் பிடிக்காமல் என்ன செய்யும். இடது பக்கம் திரும்ப முடியவில்லை. அதையே சாக்காக வைத்துக்கொண்டு சமயநல்லூருக்கு வண்டியை விட்டான். வழியில் இடது பக்கம் வந்த லாரிகளை எல்லாம் கடவுள்தான் பார்த்துக்கொண்டார்.

கிளினிக்கில் அருண்பாண்டி அவனைப் பார்த்துவிட்டு முகம் மாறாமல், "படு," என்றான். ஹரிஷ் குப்புறப் படுத்தான். அந்த நிலையில் மனிதனுக்கு வாதம் செய்வது கஷ்டம். அருண்பாண்டிக்கு அது வசதியாகப் போனது.

"மாப்ள, நான் உங்க அப்பாவ நெனச்சு எழுதல," என்றான் ஹரிஷ் மெத்தைக்குள்ளிருந்து.

"தெரியும்."

"பெறகு என்னத்துக்குக் கோபம்?"

"நெனச்சு எழுதியிருந்தா நாலு மிதி மிதிச்சுட்டுச் சரியாப் போயிருப்பேன். நீ நெனைக்காமயே எழுதிட்ட பாரு." கட்டைவிரல் தோள்பட்டைக்குக் கீழே ஒரு நரம்பைக் கண்டுபிடித்தது. ஹரிஷ் பல்லைக் கடித்தான்.

"உலகம் பூரா இப்படித்தான்டா வெச்சிருக்கான். குள்ளனுக்குக் கோடாலி, காட்டுக்காரனுக்கு வில்லு. எவன் கேட்டான்?"

"அவன் ஊர்ல வெக்கட்டும். நீ காளவாசல்ல உக்காந்து வெக்கிற."

அருண்பாண்டி ஹரிஷின் கழுத்தை மெதுவாக ஒரு பக்கம் திருப்பினான். "மொக்கையன் எப்படி வைத்தியன் ஆனான், ஞாபகம் இருக்கா?"

"குகையில மீனாவுக்குக் கால் ஒடஞ்சுச்சு."

"கால் ஒடஞ்சுச்சு. நம்மகிட்ட வைத்தியம் தெரிஞ்ச ஆளு ஒருத்தனும் இல்ல. நான் கட்டுப்போடுறேன்னேன். பகடைய உருட்டுனா ஒண்ணு. மறுபடி உருட்டுனா ரெண்டு. மீனா திட்டுன திட்டு காதுல இன்னும் இருக்கு. கட்டி கட்டி, தப்புத் தப்பாக் கட்டித்தான்டா கத்துக்கிட்டான். அத்தனையும் நீ பார்த்துக்கிட்டு இருந்த. பார்த்துட்டு, கடைசில வந்து என்ன குலம்னு கேக்குற."

"அப்ப என்னதான்டா எழுதச் சொல்ற?"

"ஆட்டம் உன்னுது. நான் எதுக்குச் சொல்லணும்? எந்திரி, சரியாயிடுச்சு. சுடுதண்ணி ஒத்தடம் குடு, குனிஞ்சு உக்காராத."

கழுத்து சரியாகத்தான் போயிருந்தது. வாசல்வரை வந்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். உள்ளே அருண்பாண்டி அடுத்த நோயாளியை விசாரிக்கப் போய்விட்டான். கோயம்புத்தூர் என்ற பேச்சை எடுக்க இடமே கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஹரிஷ் இந்தத் தடவை கட்டமே போடவில்லை. நாலைந்து வரிகள் எழுதினான். லெவல் ஏறுகிறவருக்குச் சலுகை உண்டு. எதில் என்று அவர் சொல்லக்கூடாது, குலமும் சொல்லாது. போன லெவலிலிருந்து இதுவரை அவர் எதை நன்றாகச் செய்தார் என்று மேசையில் இருக்கும் மற்றவர்கள் பேசி முடிவு செய்யவேண்டும். அதில் ஒரு புள்ளி. குழுவில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சோதனை என்றான். யாரையும் தனியாகக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காளவாசலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது அருண்பாண்டி மாடி ஏறி வந்தான். "பக்கத்துல ஒரு வேலையா வந்தேன்," என்று சுவரோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காளவாசலில் அவனுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவானோ என்று பயம்.

முதலில் முத்துமீனாவின் வில்லாளி. அவள் நன்றாகச் செய்தது அம்பு எய்தது என்றார் சூரியபிரகாஷ். இல்லை, பாலத்துக் காவல்காரனிடம் பொய் சொல்லித் தப்பித்தது என்றான் ஹரிஷ். "நான் பொய்யே சொல்லல, உண்மையக் கொஞ்சம் சுத்திச் சொன்னேன்," என்றாள் அவள். ஆடுகிறவர் பேசக்கூடாது என்பதுதான் விதி. அதை அவளிடம் யார் சொல்வது. கீழே டீ சொல்லி, டீ வந்து, ஆறி, மறுபடி சொல்லி, ஒருவழியாகப் பொய்க்கு ஒரு புள்ளி என்று முடிந்தது. சூரியபிரகாஷ் தன்னுடைய ஒற்றனுக்கு வீரத்தில் புள்ளி கிடைக்கும் என்று மார்பை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஓடி ஒளிவதில் ஒரு புள்ளி என்று மற்ற இருவரும் ஏகமனதாகச் சொல்ல, "பழகுன பாவத்துக்கு இப்படிச் செய்றீங்களே," என்று மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்.

"அடுத்து மொக்கையன்," என்றாள் முத்துமீனா.

"நான் ஆடல," என்றான் அருண்பாண்டி சுவரோரத்திலிருந்து.

"நீங்க ஆட வேணாம். மொக்கையன் லெவல் ஏறிட்டான், நாங்க பேசிக்கிறோம். சூர்யாண்ணே, மொக்கையன் எதுல கெட்டிக்காரன்?"

"வாய்."

"எனக்கும் அதான் தோணுது. ஹரிஷ்ணே?"

ஹரிஷ் வைத்தியம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். போன லெவலிலிருந்து நடந்ததை எல்லாம் ஒருதரம் மனதில் ஓட்டிப் பார்த்தான். மலைப்பாம்பைத் திட்டியே தூங்க வைத்தது. ராணியிடம் நக்கல் பேசிச் சிறைக்குப் போனது. சிறைக்காவலனைச் சிரிக்க வைத்து வெளியே வந்தது. "வாய்தான்," என்றான்.

நாற்காலி சுவரைவிட்டு மேசைக்கு நகர்ந்தது. "ஏய், அதென்ன கணக்கு. நான் எத்தனை பேருக்குக் கட்டுப்போட்டேன். ஆத்தங்கரையில சூர்யாண்ணன் சாகக் கெடந்தாரு, யாரு எழுப்புனா?"

"எழுப்புனது நீதான் தம்பி. எழுப்புறதுக்குள்ள நீ பேசுன பேச்சுக்குச் செத்தே போயிருக்கலாம்னு இருந்துச்சு."

"நான் ஒத்துக்க மாட்டேன். வைத்தியத்துல போடு."

"ஆடுறவரு பேசக்கூடாதுண்ணே," என்றாள் முத்துமீனா. "விதி."

"என்ன விதி, எவன் எழுதுன விதி?" என்று அருண்பாண்டி ஹரிஷ் பக்கம் திரும்பினான். "மாப்ள, அறிவிருக்காடா உனக்கு? மூணு பேருக்கு லெவல் ஏத்துறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு. கண்காட்சில ஒரு கூட்டம் அரைமணி நேரந்தான் உக்காரும். புள்ளிக்குச் சண்டை போடவே பத்தாது."

ஹரிஷுக்கும் அதே கணக்குதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் உயிரை விட்டு எழுதிய விதி, சண்டையைக் குறைக்கவேண்டியது, மேசைக்கு மேசை சண்டையை உற்பத்தி செய்கிறது. "இதையும் அழிக்கணுமா," என்று நொந்துபோய்ப் பேனாவை எடுத்தான்.

அருண்பாண்டி பேனாவைப் பிடுங்கினான். "அழிக்காத. ஆளுக்கு ஒரே ஒரு வரி, யோசிக்காமச் சொல்லணும், அதுக்கு மேல பேசுனா புள்ளி கிடையாதுன்னு போடு. நடத்துறவன் சட்டுசட்டுனு அடக்கணும்."

"என்னால அடக்க முடியாது மாப்ள."

"உன்னால எதத்தான் முடியும். கண்காட்சில நீ பில்லு போடு, நான் அடக்குறேன்."

ஹரிஷ் அவனையே பார்த்தான். முத்துமீனா டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். சூரியபிரகாஷ் மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார்.

"என்ன பாக்குற," என்றான் அருண்பாண்டி. "மொதல்ல மொக்கையன் கணக்க முடி. வைத்தியம். நான் அசைய மாட்டேன்."

"வாய்," என்றார்கள் மூன்று பேரும்.